ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாதபோது

இன்றைய பெரிய மருத்துவமனை எதுவும் ஹெப்பாரின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாய்க்குள் ரத்தம் உறையாமல் சுற்றிவருவது அதனால்தான். திறந்த இதய அறுவை சிகிச்சை, ஆஞ்சியோபிளாஸ்டி, காலில் ரத்தக்கட்டி, மூட்டு மாற்றிக்கொண்டவர் படுக்கையில் கிடக்கும் நாட்கள் என எங்கும் அது உண்டு. பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து பிரித்தெடுக்கப்படும் இந்தப் பொருளின் கதை, 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரின் ஆய்வில் தொடங்கியது. அவர் தேடியது ரத்தத்தை உறைய வைக்கும் பொருளை. கண்ணில் பட்டதோ அதற்கு நேரெதிரானது. 1930களில் டொரான்டோ ஆய்வாளர்கள் அதைத் தூய்மைப்படுத்தி மனிதர்களுக்குச் செலுத்தத் தொடங்கினார்கள். விலை குறைவு, போட்ட உடனே வேலை செய்யும், அளவு கூடிப்போனால் புரோட்டமின் கொடுத்து முறித்துவிடலாம். இத்தனை வசதியும் ஒன்றாகச் சேர்ந்த வேறொரு உறைவுத்தடுப்பு மருந்து இன்றுவரை வரவில்லை. அதனால்தான் ஹெப்பாரின் ஒத்துக்கொள்ளாத நோயாளியைச் சந்திக்கும்போது அனுபவசாலிகளான மருத்துவர்களும் யோசித்து நிற்கிறார்கள்.

ஒத்துக்கொள்ளாமை என்றதும் தடிப்பு, அரிப்பு, மூச்சுத்திணறல் என்றுதான் நினைப்போம். இங்கே பேசவேண்டியது வேறு. ஹெப்பாரின் கொடுக்கத் தொடங்கிச் சில நாட்களில் ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று குறைகின்றன. அதே நேரத்தில் உடம்பெங்கும் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. உறைவைத் தடுக்கக் கொடுத்த மருந்தே உறைவை மூட்டிவிடுகிறது. ஹெப்பாரின் தூண்டும் இந்தத் தட்டணுக் குறைவை மருத்துவர்கள் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ஹிட்' என்பார்கள். தட்டணுக்கள் குறைந்தால் ஆபத்து என்பதை டெங்கு நம் வீடுகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அங்கே பயம் ரத்தக்கசிவைப் பற்றியது. ஹிட்டில் எண்ணிக்கை பெரும்பாலும் 20,000க்குக் கீழே இறங்குவதில்லை, ரத்தம் கசிவதும் அரிது. கால் சிரையில் கட்டி, நுரையீரலில் அடைப்பு, பக்கவாதம், விரல்கள் கறுத்துப்போவது என ஆபத்தெல்லாம் உறைவிலிருந்தே வருகிறது.

இதை முதலில் எழுதிவைத்தவர்கள் ரோட்ஜர் வைஸ்மன், ரிச்சர்ட் டோபின் என்ற இரு அமெரிக்க அறுவை மருத்துவர்கள். ஹெப்பாரின் பெற்றுவந்த 10 நோயாளிகளின் தமனிகளில் வெளிறிய கட்டிகள் அடைத்துக்கொண்டதை அவர்கள் 1958இல் வெளியிட்டார்கள். மருந்தே காரணமாக இருக்கும் என்பதை நம்ப மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. 1973இல் டொனால்ட் சில்வரின் குழு, இது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று காட்டியது. 1992இல் பிரான்சில் ஜான் அமிரால் குழுவினர் எதிர்ப்பொருள் எதைப் பற்றிக்கொள்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள். தட்டணுக்கள் பிஎஃப்4 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. அதற்கு நேர்மின்னேற்றம், ஹெப்பாரினுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது பிஎஃப்4இன் வடிவம் மாறுகிறது. சிலருடைய உடல் அதை அந்நியப் பொருள் என்று எண்ணி எதிர்ப்பொருள் செய்கிறது. அந்த எதிர்ப்பொருள் தட்டணுவின் மேற்பரப்பில் அமர்ந்து அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட தட்டணு இன்னும் பிஎஃப்4ஐ உமிழ்கிறது. இப்படி வளரும் சுழலின் முடிவில் உறைவை நடத்தும் திராம்பின் ஏராளமாக உருவாகிவிடுகிறது.

மாற்று மருந்துகளின் வரலாறு முழுவதும் இந்தத் திராம்பினைச் சுற்றியே நடக்கிறது. ஹெப்பாரினை நிறுத்தினால் போதாது. ஏற்கெனவே பொங்கிக்கொண்டிருக்கும் திராம்பினை அடக்க வேறொன்று உடனே வேண்டும். கனடாவின் ஹாமில்டனைச் சேர்ந்த தியோடர் வார்கென்டினும் ஜான் கெல்டனும் 1996இல் பழைய நோயாளிகளின் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். தட்டணு குறைந்ததைத் தவிர வேறு தொல்லை இல்லாதிருந்தவர்களில், ஹெப்பாரினை வெறுமனே நிறுத்தியபின் அடுத்த 30 நாட்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தக்கட்டி வந்திருந்தது. இந்தத் துறையில் மிக முக்கியமான எண் இதுதான் என்பேன். மருந்தை நிறுத்திவிட்டோம், இனிப் பொறுத்துப் பார்க்கலாம் என்ற இயல்பான எச்சரிக்கை உணர்வு இங்கே நோயாளியைக் கைவிடுகிறது.

ஹிட் அத்தனை பேருக்கும் வருவதில்லை. பழைய வகை ஹெப்பாரின் பெறும் அறுவை நோயாளிகளிடம் 1 முதல் 5 சதவீதம் வரை. எனாக்சபாரின் போன்ற குறைந்த மூலக்கூறு எடை வகைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. 1995இல் வார்கென்டின் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு அறுவைக்குப்பின் பழைய ஹெப்பாரின் பெற்ற 332 பேரில் 9 பேருக்கு ஹிட் வந்தது. குறைந்த எடை ஹெப்பாரின் பெற்ற 333 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

வார்டில் இது எப்படித் தெரியவரும்? இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவரை எண்ணிக்கொள்வோம். முதல் நாள் தட்டணுக்கள் 2,80,000. நான்காம் நாள் 2,60,000. ஏழாம் நாள் 1,10,000. இந்தக் கடைசி எண்ணைத் தனியாகப் பார்க்கும் ஆய்வகம் பதறாது. 1,50,000க்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். முதல் நாள் அறிக்கையைப் பக்கத்தில் வைத்தால்தான் பாதிக்கு மேல் போய்விட்டது தெரியும். அதே நாளில் இடது காலும் வீங்கியிருந்தால் சந்தேகம் உறுதிப்படும். எவ்வளவு குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, கட்டி உண்டா, வேறு காரணம் உண்டா என்று நான்கு கேள்விகளுக்குத் தலா 2 மதிப்பெண் வரை போடும் முறை இப்போது எங்கும் வழக்கத்தில் இருக்கிறது. 3 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஹிட் இல்லையென்றே கொள்ளலாம். நம் நோயாளிக்கு 7 அல்லது 8 வரும். எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. குறைவு தொடங்குவது வழக்கமாக 5 முதல் 10 நாட்களுக்குள். கடந்த சில வாரங்களில் ஹெப்பாரின் பெற்றவரென்றால் ஒரே நாளிலும் தொடங்கிவிடும்.

ஹெப்பாரினை நிறுத்துவது என்பதும் சொல்வதுபோல் எளிதாக இல்லை. மருந்துச் சீட்டில் அடித்துவிட்டாலும், தமனிக் குழாயை அலசும் திரவத்தில் அது இருக்கும். டயாலிசிஸ் குழாயை மூடிவைக்கும் நீரில் இருக்கும். சில சிரைக் குழாய்களின் உட்பூச்சிலேயே இருக்கும். அதோடு நல்லெண்ணத்தில் நடக்கும் மூன்று தவறுகள் உண்டு. பழைய ஹெப்பாரினுக்குப் பதிலாக எனாக்சபாரினுக்கு மாற்றுவது முதலாவது. ஹிட் வருவதைக் குறைக்கும் மருந்துதான் அது. ஆனால் வந்தபின் கொடுத்தால், உருவான எதிர்ப்பொருள் அதையும் பற்றிக்கொள்ளும். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று தட்டணுக்களை ஏற்றுவது இரண்டாவது. கடும் ரத்தக்கசிவோ அதற்கான பெரும் அபாயமோ இருந்தாலன்றி அதைத் தவிர்க்கிறார்கள்.

மூன்றாவது மிகக் கொடியது. வார்ஃபரின், அல்லது நம் ஊர்களில் அதிகம் எழுதப்படும் அசிட்ரோம் போன்ற மாத்திரையை உடனே தொடங்குவது. இந்த மாத்திரைகள் உறைவுக் காரணிகளைக் குறைப்பதற்கு முன்பே, உறைவைத் தடுக்கும் புரோட்டீன் சியைக் குறைத்துவிடுகின்றன. திராம்பின் பெருகி நிற்கும் உடலில் அந்தக் காப்பும் போய்விட்டால், கட்டி வந்த காலின் நுண்சிரைகள் அடைபட்டு, தமனியில் நாடி துடிக்கும்போதே பாதம் கறுத்து அழுகுகிறது. இந்த மாத்திரைகளின் விளைவை அளக்கும் ஐஎன்ஆர் 4ஐத் தாண்டியிருக்கும், எல்லாம் கட்டுப்பாட்டில் இருப்பதுபோல் அறிக்கை சொல்லும். கட்டிலில் கால் போய்க்கொண்டிருக்கும். வார்கென்டின் 1997இல் இதன் காரணத்தை விளக்கியபின் விதி தெளிவானது: தட்டணுக்கள் 1,50,000ஐத் தொடும்வரை இந்த மாத்திரைகள் வேண்டாம், ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வைட்டமின் கே கொடுத்து முறிக்க வேண்டும்.

சரி, எதைக் கொடுப்பது? முதல் விடை அட்டையிலிருந்து வந்தது. அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காததை அட்டை விடும் வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவந்திருக்கிறார்கள். அதன் எச்சிலில் உறைவைத் தடுக்கும் பொருள் உண்டென்று 1884இல் ஜான் பெரி ஹேகிராஃப்ட் எழுதினார். 1950களில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் மார்க்வார்ட் அதைப் பிரித்தெடுத்தார், பெயர் ஹிருடின். மரபணுத் தொழில்நுட்பம் வந்தபின் ஈஸ்ட் செல்களில் அதையே உண்டாக்கினார்கள். அப்படி வந்த லெபிருடின், 1998இல் அமெரிக்காவில் ஹிட்டுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து. திராம்பினை இறுகப் பற்றி விடாமல் வைத்துக்கொள்ளும். ஆனால் வெளியேற ஒரே வழி சிறுநீரகம்; அது பழுதென்றால் மருந்து நாட்கணக்கில் தங்கி ரத்தக்கசிவை உண்டாக்கும். பல நோயாளிகளின் உடல் இதற்கெதிராகவும் எதிர்ப்பொருள் செய்தது; இரண்டாம் முறை பெற்ற சிலர் கடும் ஒவ்வாமையால் இறந்தும் போனார்கள். 2012இல் அதன் உற்பத்தி நின்றது.

அடுத்தது ஜப்பானிலிருந்து வந்த ஆர்கட்ரோபான். கோபே பல்கலைக்கழகத்தின் ஷோசுகே ஒகமோட்டோ குழுவினர் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை அடிப்படையாக வைத்து உருவாக்கிய சிறு மூலக்கூறு இது. ரத்தக்கசிவை நிறுத்த இன்று பிரசவ அறைகளில் கொடுக்கப்படும் டிரானெக்சமிக் அமிலத்தைக் கண்டறிந்ததும் இதே ஒகமோட்டோவும் அவர் மனைவி உதாகோவும்தான். உறைவை நிறுத்தவும் கசிவை நிறுத்தவும் ஒரே வீட்டிலிருந்து மருந்துகள் வந்திருக்கின்றன. ஆர்கட்ரோபானுக்கு 2000இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கல்லீரல் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவருக்கு இதுவே முதல் தேர்வு. நிறுத்தினால் சில மணி நேரத்தில் விளைவு தணிந்துவிடும். இதை முறிக்கும் மருந்து கிடையாது என்ற குறையை அது ஓரளவு ஈடுகட்டுகிறது.

இதைக் கொடுப்பதில் உள்ள பாடு கொஞ்சநஞ்சமில்லை. சிரை வழியாக ஓயாமல் சொட்ட வேண்டும். கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம் என்பது தொடக்க அளவு; 60 கிலோ நோயாளிக்கு மணிக்கு 7.2 மில்லிகிராம். இரண்டு மணி நேரம் கழித்து ஏபிடிடி என்ற உறைவு நேரப் பரிசோதனையைப் பார்த்து, அது பழைய அளவைப்போல் ஒன்றரை முதல் மூன்று மடங்குக்குள் இருக்கும்படி பம்பைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கல்லீரல் சரியில்லை என்றால் அரை மைக்ரோகிராமில் தொடங்க வேண்டும். இதயம் தளர்ந்து ஐசியுவில் கிடப்பவருக்கும் அதையொட்டிய குறைந்த அளவே நல்லது. பிறகு வார்ஃபரினுக்கு மாறும் கட்டம் வரும். ஆர்கட்ரோபானே ஐஎன்ஆரை உயர்த்திக் காட்டும் என்பதால், இரண்டும் சேர்ந்து ஓடும்போது 4ஐத் தாண்டும்வரை பொறுத்து, பம்பை நிறுத்தி, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் மாத்திரை தனியாக எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். இரவு இரண்டு மணிக்கும் ஏபிடிடி செய்யும் ஆய்வகமும், அந்த எண்ணைப் புரிந்து பம்பைத் திருத்தும் செவிலியரும் இருக்கும் இடத்தில் இது நல்ல மருந்து. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் பெயருக்குத்தான் இது சிகிச்சை.

பைவாலிருடின் ஹிருடினை மாதிரியாக வைத்துச் செய்த 20 அமினோ அமிலச் சங்கிலி. திராம்பினைப் பற்றும்; பிறகு திராம்பினே அதை வெட்டிவிடும். அரை ஆயுட்காலம் சுமார் 25 நிமிடம். பெரும்பகுதி ரத்தத்திலேயே சிதைந்துபோவதால் கல்லீரலும் சிறுநீரகமும் இரண்டும் தளர்ந்தவருக்குக் கைகொடுக்கிறது. ஹிட் நோயாளிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் இதைத்தான் நாடுகிறார்கள். இதய அறுவையிலும் பயன்படுகிறது. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரத்தம் தேங்கி நிற்கும் இடத்தில் மருந்து வெட்டுப்பட்டுத் தீர்ந்து, அங்கே கட்டி விழுந்துவிடும். அதனால் இயந்திரத்தின் எந்த மூலையிலும் ரத்தம் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டானபராய்டின் கதை வருத்தமானது. ஹெப்பாரினைப் போலவே பன்றிக் குடலிலிருந்து வருவது, ஆனால் ஹெப்பாரின் கலவாதது. கருக்குழந்தைக்குப் போய்ச் சேராததால் கர்ப்பிணிகளுக்கு மிகப் பொருத்தம். அதோடு, ஹிட்டில் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் முறையில் சோதிக்கப்பட்ட மிகச் சில மருந்துகளில் இதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் பெங் சோங் தலைமையில் 42 பேரிடம் நடந்து 2001இல் வெளியான அந்தச் சிறு சோதனையில், ஒப்பீட்டுக்குக் கொடுத்த டெக்ஸ்ட்ரானைவிட டானபராய்ட் தெளிவாக மேலாக இருந்தது. அடுத்த ஆண்டே அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. கனடாவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் பயன்பாட்டில் தொடர்ந்தது. சான்று அதிகமுள்ள மருந்து கிடைக்காமல், சான்று குறைந்தவற்றை வைத்துக்கொண்டு மருத்துவர்கள் சமாளிக்க வேண்டியிருப்பது நோயாளிகளுக்கு நியாயமில்லை.

இதுவரை சொன்னவை விலை கூடியவை அல்லது கிடைக்காதவை. நடைமுறையை மாற்றியது ஃபாண்டாபாரினக்ஸ். ஐந்தே சர்க்கரை அலகுகள்; ஆய்வகத்தில் செய்தது; விலங்குப் பொருள் இல்லை. இவ்வளவு குட்டையான சங்கிலியோடு சேர்ந்த பிஎஃப்4ஐ ஹிட் எதிர்ப்பொருள் பொதுவாக அடையாளம் காண்பதில்லை. நாளுக்கு ஒரு முறை வயிற்றுத் தோலடியில் ஊசி: 50 முதல் 100 கிலோ எடையுள்ளவருக்கு 7.5 மில்லிகிராம். பம்பு வேண்டாம், ஏபிடிடி வேண்டாம். மாரடைப்புக்குக் கொடுக்கப்படுவதால் நம் நாட்டு இதய சிகிச்சைப் பிரிவுகளுக்கு ஏற்கெனவே பழக்கமானது. ஹிட்டுக்கென்று முறையான அனுமதி இல்லை; ஆனால் 2015இல் வெளியான ஒப்பீட்டில் ஆர்கட்ரோபான், டானபராய்ட் பெற்றவர்களுக்கு நேர்ந்ததற்கும் இதைப் பெற்றவர்களுக்கு நேர்ந்ததற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதன் தடை சிறுநீரகம். கிரியேட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் கொடுக்கக் கூடாது. உடலில் 17 முதல் 21 மணி நேர அரை ஆயுட்காலத்தோடு தங்குவதால், நாளை அறுவைக்குப் போகவேண்டியவருக்கும் பொருந்தாது.

அடுத்த மாற்றம் ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரைகளோடு வந்தது. வார்ஃபரினைப்போல் புரோட்டீன் சியைத் தொடுவதில்லை, பிஎஃப்4இலும் ஒட்டுவதில்லை. வார்கென்டின் குழுவினர் 2017இல் ரிவரோக்சபான் பெற்ற 46 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள்: ஒருவருக்குப் புதிய கட்டி, யாருக்கும் கடும் ரத்தக்கசிவு இல்லை. 15 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை, தட்டணுக்கள் தேறும்வரை. கட்டி இருந்தால் குறைந்தது மூன்று வாரம், பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை. எண்ணிக்கை சிறியது; உடல்நிலை ஓரளவு சீராக இருந்தவர்களுக்கே மாத்திரை கொடுத்திருப்பார்கள் என்ற ஐயமும் நியாயமானது. கனடாவில் லோரி-ஆன் லிங்கின்ஸ் நடத்திய முன்னோக்கு ஆய்வு, போதிய நோயாளிகள் சேராமல் 22 பேரோடு முடிந்தது. இந்நோய் அரிது என்பதால் பெரிய சோதனை நடப்பதே கடினம்.

ஆர்கட்ரோபானின் சான்றும் இதைவிட வலுவானது என்று சொல்லிவிட முடியாது. 2001இல் வெளியான அதன் ஆய்வு, மருந்து பெற்றவர்களை முன்காலத்து நோயாளிகளின் குறிப்புகளோடுதான் ஒப்பிட்டது. கட்டி இன்னும் வராதவர்களில் இறப்பு, உறுப்பு நீக்கம், புதிய கட்டி மூன்றும் சேர்ந்து 38.8 சதவீதத்திலிருந்து 25.6 ஆகக் குறைந்தது. நல்ல குறைவு, ஆனால் நான்கில் ஒருவர் அப்போதும் பாதிக்கப்பட்டார். இதையெல்லாம் எடைபோட்டுத்தான் அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2018இல் ஐந்து வழிகளையும் ஒரே வரிசையில் வைத்தது: ஆர்கட்ரோபான், பைவாலிருடின், டானபராய்ட், ஃபாண்டாபாரினக்ஸ், புதிய மாத்திரைகள். உயிருக்கோ உறுப்புக்கோ உடனடி ஆபத்து, ரத்தக்கசிவு அபாயம், காத்திருக்கும் அறுவை ஆகியவை இருந்தால் சட்டென்று நிறுத்தக்கூடிய முதல் இரண்டு. சீராக இருப்பவருக்கு ஊசியோ மாத்திரையோ போதும். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. கையிலிருக்கும் ஃபாண்டாபாரினக்ஸை இன்று மாலையே போடுவது, ஆர்கட்ரோபான் வேறு ஊரிலிருந்து வந்துசேரும் என்று இரண்டு நாள் காத்திருப்பதைவிடப் பலருக்கு நல்லது. சந்தேகம் எழுந்த அந்த மாலையில் எடுக்கும் முடிவு, எந்த மருந்து என்ற முடிவைவிடப் பெரியது. கட்டி இல்லாதவருக்குத் தட்டணுக்கள் தேறும்வரை, கட்டி உள்ளவருக்கு மூன்று மாதம் எனச் சிகிச்சை நீளும். அறிகுறி இல்லாவிட்டாலும் இரு கால்களுக்கும் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது.

எந்த உறைவுத்தடுப்பு மருந்துக்கும் அடங்காத கடும் ஹிட் சிலருக்கு வரும். அங்கே சிரை வழி இம்யூனோகுளோபுலின், கிலோவுக்கு 1 கிராம் வீதம் இரண்டு நாள், தட்டணுவின் மீது எதிர்ப்பொருள் உட்காரும் இடத்தை மறைத்துவிடுகிறது. 2021இல் அஸ்ட்ராஜெனகா தடுப்பூசிக்குப்பின் மிக அரிதாகச் சிலருக்கு மூளைச் சிரைகளில் கட்டி வந்தபோது, ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் ஆண்ட்ரியாஸ் கிரைனாகர் குழு ஹெப்பாரின் படாதவர்களிடமும் பிஎஃப்4 எதிர்ப்பொருளைக் கண்டது. நம் நாட்டில் கோவிஷீல்டு என்று போடப்பட்டதும் அதே தடுப்பூசி. ஹிட்டுக்காகப் பல ஆண்டுகள் திரட்டிய அறிவு கையில் இருந்ததால்தான், இம்யூனோகுளோபுலினும் ஹெப்பாரின் அல்லாத மருந்துகளும் கொடுக்கவேண்டும் என்ற வழிகாட்டுதல் சில வாரங்களிலேயே வந்தது.

ஒருமுறை ஹிட் வந்தவருக்குப் பின்னாளில் இதய அறுவை தேவைப்பட்டால்? இங்கே விடை பலருக்கு வியப்பாக இருக்கும்: அறுவை நேரத்துக்கு மட்டும் ஹெப்பாரினே கொடுக்கிறார்கள். எதிர்ப்பொருள் சுமார் மூன்று மாதத்தில் மறைந்துவிடும். மறுபடி மருந்து பட்டாலும் புதிதாக உருவாகக் குறைந்தது ஐந்து நாளாகும். இயந்திரத்தில் இருக்கும் சில மணி நேரம் ஹெப்பாரின், முன்னும் பின்னும் வேறு மருந்து. எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறதென்றால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டும். முடியாதென்றால் பைவாலிருடின், அல்லது பிளாஸ்மாவை மாற்றிவிட்டு ஹெப்பாரின். இந்தக் கணக்கெல்லாம் போடுவதற்கு அறுவை மருத்துவருக்குத் தேதி வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஹெப்பாரின் அலர்ஜி' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அது கிடைக்காது. ஹெப்பாரின் தொடங்கிய நாள், தட்டணுக்கள் குறைந்த நாள், எந்தப் பரிசோதனை எந்த அளவில் பாசிட்டிவ் ஆனது, பிறகு எந்த மருந்து எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்ற நான்கு விவரமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.